மடனும் நகையும்: கிரேசி மோகனின் உரையாடல்

தில்லைக் கலம்பகம் பாடிய இரட்டைப்புலவருள் ஒருவர் கண்ணிலார்; மற்றவர் நடக்கவியலாதவர். வெண்பாவின் முற்பாதியை ஒருவர் சொல்ல, மற்றவர் முடிப்பர் என்பது வழிவழிச் செய்தி. முற்பாதியில் எழுந்த குறை பிற்பாதியில் நகையாக மாறுதலை அவர்தம் தனிப்பாடல்களிற் காண்கின்றோம். கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூர்க்குக் கலம்பகம் செய்த தொல்காப்பியத் தேவரைப் புகழ்ந்தோரும் இவ்விருவரே. ஒரு கூற்று இருவர் வாயில் நிறைவுறும் இம்முறையை உளங்கொண்டு, மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் நகைச்சுவை எழுதிய கிரேசி மோகனை (1952–2019) ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மோகன் கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்றவர். 1976-இல் எஸ். வி. சேகர் குழுவினர்க்கு எழுதிய ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ என்னும் நாடகமே அவர்க்கு அடைமொழியையும் தந்தது. 1979-இல் கிரேசி கிரியேஷன்ஸ் என்னும் தம் குழுவைத் தொடங்கினார். அவருடைய ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ 1983-இல் பாலசந்தரின் ‘பொய்க்கால் குதிரை’ ஆயிற்று. ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) முதலிய படங்களும் ‘விடாது சிரிப்பு’ என்னும் தொலைக்காட்சித் தொடரும் பின்னர் வந்தன. ஊடகம் மாறினும் உரையாடல் மேடைக்குரியதாகவே இருந்தது. ஆதலின் அவரைத் திரைத்துறையார் என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

நகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன் நான்கு. அவற்றுள் எள்ளலைப் பற்றியவர் சோ. மோகன் பற்றியதோ மடன். ஒன்றை ஒருமுறை கொண்டபின் விடாமையே மடன் என்பது உரைகாரர் கருத்து. மோகனின் மாந்தர் ஒரு சொல்லைப் பிறழக் கொள்வர். கொண்ட பொருளை விடார். எதிரே நிற்பவரும் அதற்கேற்ப விடையிறுத்துத் தாமும் சிக்குவர். ‘பஞ்சதந்திரம்’ (2002) படத்தில் ‘முன்னாடி’, ‘பின்னாடி’ என்பவை படும் பாட்டைப் பலரும் அறிவர். அச்சொற்கள் இடத்தையும் சுட்டும், காலத்தையும் சுட்டும். ஒருவர் ஒன்றைக் கருத, மற்றவர் மற்றொன்றைக் கொள்கின்றார். அங்கே எள்ளப்படுவார் எவருமிலர். நம் மொழியின் இயல்பே நகைக்குக் களனாகின்றது.

இதனைச் சிலேடை எனலாமோ? முற்றும் அன்று. சிலேடையில் இரு பொருளையும் புலவன் தானே அறிந்து இணைக்கின்றான். இங்கோ பேசுவார் ஒவ்வொருவரும் ஒரு பொருளையே அறிவர். இரண்டும் அறிந்தவர் அவையோர் மட்டுமே. காளமேகத்தோடு சிலேடை வரலாற்றை முடித்துவிடும் நம் பாடத்திட்டங்கள் இவ்வேறுபாட்டைக் காட்ட இடந்தரவில்லை. மோகன் வெண்பாவும் இயற்றியவர் என்பதையாவது மாணவர்க்குச் சொல்லலாம்.

ஓர் இடர்ப்பாடு உண்டு. விரைந்து பேசப்படும் இவ்வுரையாடலை ஏட்டில் படிக்கும்போது பாதிச் சிரிப்பு உதிர்ந்துவிடுகின்றது. எனவே இந்நாடகங்களைப் பதிப்பிக்கப் புகுவோர் கையெழுத்துப் படியோடு ஒலிப்பதிவையும் ஒப்புநோக்கி, ஒருவர் பேச்சு முடியுமுன் மற்றவர் புகும் இடங்களை அடையாளமிட்டுக் காட்டல் வேண்டும்.