உட்கார விடாத விளிம்பு

ஸ்கேட்போர்டின் அடியில் சக்கரங்களைத் தாங்க இரண்டு உலோக அச்சுகள் உண்டு. பலகையோடு எம்பிக் குதித்து, அந்த அச்சுகளைக் கல் பெஞ்சின் விளிம்பில் ஏற்றி உரசியபடி போவதற்கு கிரைண்ட் என்று பெயர். நன்றாக வழுக்க வேண்டுமென்று விளிம்பில் மெழுகும் தேய்ப்பார்கள். நாளடைவில் கல் கறுத்து, மூலைகள் உதிரும். விளிம்பில் சில அடிக்கு ஒன்றாக உலோகக் குமிழ் பதித்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். கல்லிலேயே இடைவெளி வெட்டுவதும், தரையில் கரடுமுரடான கல் பாவுவதும் இதே வேலையைச் செய்யும்.

ஸ்கேட்போர்டுக்காரர்களுக்கும் அவர்களைத் தடுப்பவர்களுக்கும் இடையிலான இந்தச் சண்டைக்குப் பேர்போன இடம் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள லவ் பார்க். வின்சென்ட் கிளிங் வடிவமைத்து 1965-இல் திறக்கப்பட்ட அதன் கிரானைட் படிகளும் விளிம்புகளும் ஸ்கேட்போர்டுக்கென்றே செய்தவைபோல் அமைந்துவிட்டன. 2002-இல் நகராட்சி பூங்காவைப் புதுப்பித்தது. கல் பெஞ்சுகள் போய் மர பெஞ்சுகளும் புல்தரையும் வந்தன. அந்தப் பூங்காவுக்கு முதலில் வித்திட்ட நகரத் திட்டமிடுநர் எட்மண்ட் பேக்கன், நடிகர் கெவின் பேக்கனின் தந்தை, இதைக் கண்டித்து அவ்வாண்டு அக்டோபரில் அங்கிருந்த ஸ்கேட்போர்டு தடையை மீறிப் பலகையில் ஏறினார். வயது 92! இருபுறமும் ஆட்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

லண்டனில் கேம்டன் நகர மன்றம் 2012-இல் வைத்த கான்கிரீட் பெஞ்ச் இன்னும் ஒரு படி மேலே போனது. சரிவும் மேடுமான அதன் மேற்பரப்பில் பலகையும் ஓடாது, ஆளும் படுக்க முடியாது. முதியவர் சாய்ந்து உட்காரவும் வசதியில்லை. ஒருவரை விரட்டச் செய்த வடிவம் எல்லோரையும் விரட்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நம் ஊரில் ஸ்கேட்போர்டு பரவியது அண்மையில்தான். அதற்கு முன்பே, உட்காருபவரையும் படுப்பவரையும் குறிவைத்து இதே உத்தி வந்துவிட்டது. வழிப்போக்கர் இரவு தங்கத் திண்ணை கட்டிய தமிழ்நாட்டில், திண்ணைகள் கம்பிக் கிராதிக்குள் போயின. கடை வாசல் மேடைகளில் கூர்கம்பிகள் முளைத்தன. 2018 மார்ச்சில் மும்பை ஃபோர்ட் பகுதியில் ஹெச்டிஎஃப்சி வங்கிக் கிளையின் வாசலில் இரும்பு முட்கள் பதிக்கப்பட்டன. படங்கள் சமூக வலைதளங்களில் பரவி, கண்டனம் வலுத்ததும் வங்கி அவற்றை அகற்றியது.