மேனியாவுக்கு மருந்து: ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்

மூன்று இரவுகளாகத் தூக்கம் இல்லை; ஆனாலும் களைப்பு தெரியவில்லை. ஓயாத பேச்சு, கண்டபடி செலவு, காரணமில்லாத கோபம். வீட்டில் ஒருவர் திடீரென இப்படி மாறினால் செய்வினை என்றோ பேய் என்றோ நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருமுனை மனநலக் கோளாற்றில் வரும் ‘மேனியா’ எனும் நிலையாக அது இருக்கலாம். மருந்தால் அதைக் கட்டுப்படுத்த முடியும்.

எந்த மருந்து?

ஒலன்ஸாபின், ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், ஹாலோபெரிடோல் ஆகியவற்றில் ஒன்றை முதலில் தருவது வழக்கம். இவை சில நாள்களில் வேலை செய்யத் தொடங்கும். லித்தியத்துக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். ஆனால், நோய் திரும்பாமல் தடுப்பதில் அது சிறந்தது. நிலைமை கடுமையானால் இரண்டையும் சேர்த்துத் தருவர்.

வால்புரோயேட் மருந்து கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். அதனால், பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களுக்கு அதைத் தவிர்ப்பர். மனச்சோர்வு மாத்திரை மேனியாவை மோசமாக்கலாம். நோயாளி சாப்பிடும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

என்ன பரிசோதனை?

லித்தியம் தொடங்கும் முன் சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றைச் சோதிப்பர். தொடங்கிய ஒரு வாரத்தில் ரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பர். மேனியாவின்போது லிட்டருக்கு 0.8 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பது நல்லது. கடைசியாக மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்தே ரத்தம் எடுக்க வேண்டும். அளவு நிலைப்பட்ட பிறகு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை தொடரும்.

ஒலன்ஸாபின், குவெட்டியாபின் சாப்பிடுவோருக்கு எடையும் சர்க்கரையும் கொழுப்பும் கூடலாம். குடும்பத்தில் சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வெயிலில் வேலை செய்வோர் கவனத்துக்கு

வியர்வை, வயிற்றுப்போக்கு, தண்ணீர் குடிக்காத விரதம் ஆகியவற்றால் உடலில் நீர் குறைந்தால் லித்தியம் அளவு ஏறிவிடும். ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் அதை ஏற்றும்; மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்காதீர்கள். கை அதிகம் நடுங்கினால், வாந்தி வந்தால், பேச்சு குழறினால், நடை தள்ளாடினால் அடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

குணமானதாகத் தோன்றும்போது தாமாக மருந்தை நிறுத்துவதே நோய் திரும்ப முக்கியக் காரணம். முதலில் அருகில் உள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கை நாடலாம். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ தொலைபேசி எண் 15555. உயிருக்கு ஆபத்து என்றால் 999.