ஹைட்ராலிக் ஜாக்கி

ஹைட்ராலிக் ஜாக்கி என்பது திரவ அழுத்தத்தால் வாகனத்தை உயர்த்தும் கருவி. தமிழில் இதை நீரியல் தூக்கி என்பர். பெயரில் நீர் இருந்தாலும் உள்ளே இருப்பது எண்ணெய்தான். லாரிகளில் பெரும்பாலும் பாட்டில் ஜாக்கியும், பட்டறைகளில் உருளும் டிராலி ஜாக்கியும் பயன்படுகின்றன.

வரலாறு

அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கலின் விதி. இதைக் கொண்டு ஆங்கிலேயர் ஜோசப் பிராமா 1795இல் நீரியல் அழுத்தப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கையில் எடுத்துச் செல்லத்தக்க வடிவத்துக்கு 1851இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டட்ஜன் காப்புரிமை பெற்றார்.

இயங்கும் முறை

சிறிய உந்துதண்டின் விட்டம் 1 செ.மீ., பெரியதன் விட்டம் 4 செ.மீ. எனில், பரப்பு 16 மடங்காவதால் விசையும் 16 மடங்காகும். நீண்ட கைப்பிடி நெம்புகோலாகி அதை மேலும் பெருக்கும். ஈடாக, சுமை 1 மி.மீ. உயரச் சிறிய தண்டு 16 மி.மீ. நகர வேண்டும், கைப்பிடியைப் பலமுறை அடிக்க வேண்டியிருப்பது இதனால்தான். ஏறிய எண்ணெய் திரும்பாமல் தடுப்பவை சிறு குண்டு வால்வும், மூடிய இறக்கும் வால்வும், சில ரப்பர் வளையங்களுமே. வால்வில் தூசி சேர்ந்தாலோ வளையம் தேய்ந்தாலோ சுமை இறங்கத் தொடங்கும்.

பாதுகாப்பு

எனவே ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தூக்கிய வண்டியைத் தாங்க இரும்பு ஸ்டாண்ட் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையக் கூடாது.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஆட்களை இறக்கி, கைப்பிரேக் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். மண் இளகியிருந்தால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை இடலாம். சக்கர நட்டுகளைத் தூக்குமுன்பே சற்றுத் தளர்த்திக்கொள்வது நல்லது. தூக்கிய பின் ஸ்பேனரால் உந்தினால் வண்டி சரியக்கூடும். தயாரிப்பாளர் குறித்த இடத்தில் மட்டுமே முட்டுக் கொடுக்க வேண்டும். டிராலி ஜாக்கி தூக்கும்போது தானே சிறிது உருளும். அதன் சக்கரங்களைத் தடுத்தால் முட்டு நழுவும். வண்டியை இறக்கும்போது இறக்கும் வால்வை மெல்லத் திறக்க வேண்டும்.

பராமரிப்பு

தண்டை முழுவதும் இறக்கிய பிறகே எண்ணெய் அளவைப் பார்த்து, குறைந்தால் ஜாக்கி ஆயில் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயில் ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும். கைப்பிடி தொளதொளத்தால் உள்ளே காற்று புகுந்திருக்கலாம். சுமையின்றி, இறக்கும் வால்வைத் திறந்துவைத்துச் சிலமுறை அடித்தால் அது வெளியேறும். தண்டு துருப்பிடித்தால் வளையங்கள் கிழியும்; ஆகவே தண்டை இறக்கி, துடைத்து, பாட்டில் ஜாக்கியை நிமிர்த்தியே வைக்க வேண்டும். சுமையோடு தானாக இறங்கும் ஜாக்கியைப் பழுது நீக்கும்வரை பயன்படுத்தலாகாது.