சித்ரலேகா: பார்வையாளரிடமிருந்து தொடங்கிய ஒரு திரைப்பட இயக்கம்

மலையாளப் புதிய சினிமாவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1972ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சுயம்வரம்’ படத்திலிருந்தே தொடங்குவர். அடூர் கோபாலகிருஷ்ணனின் முதல் கதைப்படம் அது. ஆயின் அந்த இயக்கத்தின் பிறப்பு அதற்கு ஏழாண்டுகள் முந்தையது. 1965இல் திருவனந்தபுரத்தில் அடூரும் குளத்தூர் பாஸ்கரன் நாயரும் நண்பர்களும் சேர்ந்து ‘சித்ரலேகா’ என்னும் திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். படம் எடுப்பதற்கு முன்பே படம் பார்ப்போரைத் திரட்ட முனைந்தனர் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. இப்பதிவு அந்த வரிசைமுறையைப் பற்றியது.

திருவனந்தபுரத்தின் திரைப்பட வரலாறு பார்வையாளரின் வன்முறையோடு தொடங்கியது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீசுவரத்தைச் சேர்ந்த ஜே.சி.டானியல் சொத்தை விற்று இந்நகரில் ஒரு படப்பிடிப்புக் கூடம் அமைத்து, முதல் மலையாளப் படமான ‘விகதகுமாரன்’ படத்தை எடுத்தார். அது திரையிடப்பட்ட ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் ஆய்வாளரிடையே இரு கருத்துகள் உண்டு. அதில் நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே.ரோசி, தலித் பெண். அவர் அவ்வேடம் ஏற்றதைப் பொறுக்காத உயர்சாதியினர் அவரை ஊரைவிட்டே துரத்தினர். டானியல் கடனாளியாகித் திரைத்துறையை விட்டு விலகினார். ஒரு புதிய கலை வந்தபோது அதைக் காணும் கண்கள் பழையனவாகவே இருந்தன.

அடுத்த தலைமுறையில் மலையாளத் திரைப்படம் வளர்ந்தது. ஆலப்புழையில் உதயா, திருவனந்தபுரத்தை அடுத்த நேமத்தில் மெரிலாண்ட் என இரு படப்பிடிப்புக் கூடங்கள் தோன்றின. எனினும் தொழிலின் மையம் கோடம்பாக்கமே. கலைஞர்கள், தொழில்நுட்பக்காரர்கள், ஆய்வகங்கள், ஒலிப்பதிவுக் கூடங்கள் அனைத்தும் சென்னையில் இருந்தன. மலையாளத்தில் புதிதாக ஒன்றைச் செய்ய விரும்பியவர் கோடம்பாக்கத்தின் செலவுக் கணக்கிற்கும் நட்சத்திர வழக்கத்திற்கும் உட்பட வேண்டியிருந்தது.

இச்சூழலில்தான் அடூர் வருகிறார். அவருடைய உருவாக்கத்தில் தமிழ்நாட்டிற்கும் பங்குண்டு. திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் பொருளியல், அரசியல், பொது நிர்வாகம் ஆகியவற்றைப் பயின்று 1961இல் பட்டம் பெற்றார். சிறிது காலம் அரசின் மாதிரிக் கணக்கெடுப்புப் பணியில் இருந்துவிட்டு, 1962இல் புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி தொடங்கி அப்போது இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. உலகத் திரைப்படங்களை நாள்தோறும் பார்த்துப் பழகிய அந்த மாணவர்கள், ஊர் திரும்பியதும் தாம் கண்ட படங்களை ஒருவரும் கண்டதில்லை என்பதை உணர்ந்தனர். படிப்பை முடித்த அதே 1965இல் அடூர் சங்கத்தைத் தொடங்கியதற்கு இதுவே காரணம் எனக் கருத இடமுண்டு.

திரைப்படச் சங்கம் இயங்கும் முறை எளிமையானது. உறுப்பினர் சந்தா செலுத்துவர். வெளிநாட்டுத் தூதரகங்களிடமிருந்தும், 1964இல் புனேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திடமிருந்தும் படச்சுருள்களைப் பெற்றுத் திரையிடுவர். காப்பகத்தைக் கட்டி எழுப்பிய பி.கே.நாயரும் திருவனந்தபுரத்துக்காரர், சுருள்களைப் பூட்டி வைப்பதைவிடப் பார்ப்பவரிடம் சேர்ப்பதே காப்பகத்தின் பணி என்று செயல்பட்டவர். 16 மி.மீ. படக்கருவி ஒன்றிருந்தால் வாசகசாலையின் கூடமும் திரையரங்காகிவிடும். வாசகசாலைப் பழக்கம் வேரூன்றிய கேரளத்தில் இத்தகைய சங்கங்கள் எழுபதுகளில் சிற்றூர்கள் வரை பரவின.

சித்ரலேகா பார்ப்பதோடு நிற்கவில்லை. அதனுடன் இணைந்து ஒரு திரைப்படக் கூட்டுறவுச் சங்கமும் உருவாயிற்று. திரைப்படத் தயாரிப்பிற்கென இந்தியாவில் அமைந்த முதல் கூட்டுறவு நிறுவனம் என்று இது குறிப்பிடப்படுகிறது. ஆவணப்படங்கள் எடுத்துக் கொடுத்து ஈட்டிய தொகை அதன் முதலாயிற்று. ‘சுயம்வர’த்திற்கு ஆன செலவு ஏறத்தாழ 2.5 லட்சம் ரூபாய். அதில் 1.5 லட்சத்தை நடுவண் அரசின் திரைப்பட நிதிக் கழகம் கடனாகத் தந்தது. எஞ்சியதைக் கூட்டுறவு ஏற்றது. மதுவும் சாரதாவும் நடித்தனர். மங்கட ரவிவர்மா ஒளிப்பதிவு செய்தார். வீட்டை விட்டு வெளியேறி நகரத்திற்கு வரும் இணையரை வறுமை படிப்படியாக நெருக்கும் கதை அது. படக்குழு கூடத்தை விட்டுத் தெருவிற்கும் குடியிருப்பிற்கும் சென்றது. படப்பிடிப்பின்போதே ஒலியையும் பதிவு செய்தது.

முதல் வெளியீட்டில் படத்திற்குக் கூட்டம் சேரவில்லை. கேரள அரசின் சிறந்த பட விருதும் வேறொரு படத்திற்குச் சென்றது. பின்னர்ச் சிறந்த படம், இயக்குநர், நடிகை, ஒளிப்பதிவு எனத் தேசிய விருதுகள் நான்கு கிடைத்தன. மீண்டும் திரையிட்டபோது மக்கள் வந்தனர்; வசூலைக் கொண்டு நிதிக் கழகத்தின் கடனும் அடைக்கப்பட்டது. இங்கு ஓர் உண்மையை மறைக்கலாகாது. ஏழாண்டுத் திரையிடல்களால் உருவான பார்வையாளர் கூட்டம் ஒரு படத்தைத் தாங்கும் அளவிற்குப் பெரிதாக இருக்கவில்லை. தில்லியின் விருதே கதவைத் திறந்தது. ஆனால் விருது பெற்ற பல படங்கள் ஒரு வாரச் செய்தியோடு மறைந்துள்ளன. ‘சுயம்வரம்’ மறையவில்லை. அதைப் பற்றிப் பேசவும் எழுதவும் சண்டையிடவும் ஆள்கள் இருந்தனர். அந்த ஆள்களைத் தந்தவை சங்கங்களே.

கூட்டுறவின் அடுத்த படம் ‘கொடியேற்றம்’. திருவனந்தபுரத்து நாடக மேடையிலிருந்து வந்த கோபிக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்த படம் அது. நகரின் ஆக்குளம் பகுதியில் சித்ரலேகா சொந்தப் படப்பிடிப்பு வளாகமும் அமைத்தது. ஆனால் கூட்டுறவு நெடுநாள் நிலைக்கவில்லை. அடூர் விலகினார், அவருடைய ‘எலிப்பத்தாயம்’ (1981) படத்தைத் தயாரித்தவர் கொல்லத்து முந்திரி ஏற்றுமதியாளர் ரவீந்திரநாதன் நாயர். அரவிந்தனின் ‘காஞ்சன சீதை’, ‘தம்பு’ ஆகியவற்றின் தயாரிப்பாளரும் அவரே. 1975இல் கேரள அரசு திரைப்பட வளர்ச்சிக் கழகத்தை நிறுவி, பின்னர்ச் சித்ராஞ்சலி படப்பிடிப்புக் கூடத்தையும் அமைத்தது. கூட்டுறவு, தனிப்புரவலர், அரசு என மூன்று தோள்கள் மாறி மாறி அந்த இயக்கத்தைச் சுமந்தன. முதல் தோள் இன்று மறக்கப்பட்டுவிட்டது. இயக்குநர் பெயர் நிலைத்தது. பங்குதாரர் பெயர்கள் கரைந்தன.

இவ்வரலாறு தமிழருக்கு அயலானதன்று. ‘சுயம்வர’த்திற்கு இசையமைத்த எம்.பி.சீனிவாசன், அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்திற்கு இசையமைத்தவர். இடதுசாரி நண்பர்கள் கூடிப் பங்கு போட்டு எடுத்த அப்படத்தை இயக்கிய நிமாய் கோஷ், கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்து, திரைத்தொழிலாளரை ஒன்றுதிரட்டியவர். 1965இல், சித்ரலேகா தோன்றிய அதே ஆண்டில், ஜெயகாந்தன் ‘உன்னைப் போல் ஒருவன்’ படத்தை எடுத்தார். 1977இல் ஜான் ஆபிரகாம் தமிழில் எடுத்த ‘அக்ரகாரத்தில் கழுதை’ படத்தில் பேராசிரியராக நடித்தவரும் அதே சீனிவாசன்தான். சென்னையில் 1957 முதல் திரைப்படச் சங்கம் ஒன்றும் இருந்தது. ஆக, துணிந்து எடுத்தோர் நம்மிடம் இருந்தனர். கூடிப் பார்த்தோரும் இருந்தனர். இவ்விருவரும் ஓர் அமைப்பிற்குள் சேரவில்லை. இரு மொழிகளுக்கும் இடையே வேறுபாட்டை உண்டாக்கியது திறமையன்று, இந்த இணைப்பு என்பதே என் துணிபு. கோடம்பாக்கத்தின் பேருருவம் அருகிலேயே இருந்ததால் தனி அமைப்பின் தேவை நமக்குப் புலப்படாமல் போயிருக்கலாம்.

அவ்விணைப்பை இறுதிவரை கொண்டு சென்றவர் ஜான். 1984இல் தொடங்கிய ஒடேசா கூட்டமைப்பு, கேரளத்து ஊர்களில் சாப்ளினின் ‘தி கிட்’ முதலிய படங்களைத் திரையிட்டு, கூடிய மக்களிடம் நன்கொடை பெற்று, ‘அம்ம அறியான்’ (1986) படத்தை எடுத்தது. பார்வையாளரே தயாரிப்பாளரானார். சித்ரலேகா விதைத்த எண்ணத்தின் கடைசிக் கிளை அதுவென்பேன்.

இன்று ஆண்டுதோறும் திசம்பரில் திருவனந்தபுரத்துச் சர்வதேசத் திரைப்பட விழாவிற்குத் தமிழ்நாட்டிலிருந்தும் பலர் செல்கின்றனர். அங்கே அரங்கு நிரம்பி, இடமின்றித் தரையில் அமர்ந்து படம் பார்க்கும் கூட்டத்தைக் கண்டு வியக்கின்றனர். அக்கூட்டம் விழாவால் உண்டானதன்று. விழாவிற்கு முப்பதாண்டுகள் முன்பே உருவாகத் தொடங்கியது.

இயக்குநர்களின் நேர்காணல்கள் போதிய அளவு கிடைக்கின்றன. கிடைக்காதவை சங்கங்களின் உறுப்பினர் பதிவேடுகள், சந்தா இரசீதுகள், திரையிடல் துண்டறிக்கைகள், கூட்டக் குறிப்பேடுகள். யார் வந்தனர், எச்சாதியினர் வந்தனர், பெண்கள் எத்தனை பேர், ரோசியைத் துரத்திய நகரத்தின் இருக்கைகளில் பின்னர் யார் அமர்ந்தனர் என்பவற்றை அவையே சொல்லும். நாகர்கோவில், கோவை, மதுரை, சென்னை எங்கேனும் திரைப்படச் சங்கத்தில் இருந்தவர்கள் இதைப் படித்தால், பழைய தாள்களை எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நம் பக்கத்து வரலாறும் அவற்றில்தான் இருக்கும்.