அலாஸ்காவின் இலையுதிர் காலப் புயல்கள்

அலாஸ்காவின் மேற்கிலும் வடக்கிலும் பெரிங், சுக்சி, பியூஃபோர்ட் கடல்களை ஒட்டிக் கிடக்கும் நெடுங்கரையைச் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை தாக்கும் வலிய காற்றழுத்தத் தாழ்வுகள் இலையுதிர் காலப் புயல்கள் எனப்படுகின்றன. பெரும்பாலும் மரமில்லாத தூந்திர நிலம் இது. குறும்புதர்கள் சிவப்பதும், பகல் நாளுக்கு நாள் சுருங்குவதும், மூஸ் மான் வேட்டைக்கு ஆட்கள் படகேறுவதுமே இங்கே பருவம் மாறியதற்கு அடையாளம். தெற்கே யூக்கான், கஸ்கோக்விம் ஆறுகளின் கழிமுகத்தில் யூப்பிக் மக்களும், வடக்கே உட்கியாக்விக் வரையில் இனுப்பியாட் மக்களும் வாழ்கிறார்கள். பெரும்பாலான ஊர்களில் சில நூறு பேர்தான் இருப்பார்கள். வெளியூர்ச் சாலை கிடையாது. சிறு விமானமும் படகும்தான் வழி.

இக்கரை மக்கள் புயலைத் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். நோம் நகரின் கடற்கரை மணலில் தங்கம் கிடைத்தது 1899இல். அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்திலேயே மணலில் அடித்திருந்த கூடாரங்களைக் கடல் வாரிக்கொண்டு போனது. 1913 அக்டோபர்ப் புயல் அந்நகரின் பெரும்பகுதியைச் சிதைத்தது. 1974 நவம்பர்ப் புயலைத்தான் நோமில் இன்றும் அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள். ஆகவே புயல் புதிதல்ல. ஆனால் புயல் வரும் வேளையில் கடல் எந்த நிலையில் இருக்கிறது என்பது கடந்த நாற்பது ஆண்டுகளில் மாறிவிட்டது. இக்கரையின் துயரம் முழுவதும் அந்த மாற்றத்தில் அடங்கியிருக்கிறது.

புயல் பிறக்கும் விதம்

செப்டம்பரில் துருவப் பகுதி வேகமாகக் குளிரத் தொடங்குகிறது. வட பசிபிக் பெருங்கடலோ கோடையில் வாங்கிய வெப்பத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. இந்த வெப்ப வேறுபாடே இப்புயல்களுக்கு ஆற்றல். வெப்பமண்டலப் புயல் சூடான கடலிலிருந்து எழும் நீராவியைத் தின்று வளர்வது. இவை குளிர்காற்றும் வெதுவெதுப்பான காற்றும் முட்டும் எல்லையில் வளர்பவை. அலூசியன் தீவுகளின் மேல் குளிர்காலம் முழுவதும் நிலைகொள்ளும் தாழ்வழுத்தப் பகுதியை நோக்கி இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். சில, அங்கிருந்து வடக்கே திரும்பிப் பெரிங் கடலுக்குள் நுழையும்.

சில சமயம் இரண்டு வகையும் ஒன்றாகிவிடும். மேற்குப் பசிபிக்கில் உருவான சூறாவளி வடக்கே வந்து தன் கண்ணை இழந்து, உருமாறி, முன்னைவிட மிகப் பரந்த புயலாகப் பெரிங் கடலுக்குள் வருவதுண்டு. 2014 நவம்பரில் வந்த நூரி, 2022 செப்டம்பரில் வந்த மெர்போக், 2025 அக்டோபரில் வந்த ஹாலோங் மூன்றும் இப்படிப்பட்டவை. நூரியின் மையத்தில் காற்றழுத்தம் 924 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கியது. அப்படியும், மக்கள் அருகியிருக்கும் மேற்கு அலூசியன் தீவுகளின் பக்கமே அது நின்றுவிட்டதால் சேதம் குறைவு. மெர்போக் அதைவிட வலிமை குறைந்தது, 937 ஹெக்டோபாஸ்கல். ஆனால் சுமார் 1,600 கிலோமீட்டர் நீளக் கரையை அது குலைத்துப் போட்டது. புயலின் வலிமையை மட்டும் பார்த்து அழிவை மதிப்பிட முடியாது.

கடல் ஏறும் விதம்

காற்றைவிட இங்கே அஞ்ச வேண்டியது நீரை. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும். இந்தக் கணக்கில் மெர்போக்கின் நடுவில் முக்கால் மீட்டர் உயர்வு வந்திருக்கும். மீதியைக் காற்று செய்கிறது. பெரிங் கடலின் கிழக்குப் பாதியும் சுக்சி கடலும் ஆழமற்ற கண்டத்திட்டின் மேல் கிடப்பவை; பல இடங்களில் ஆழம் 50 மீட்டர்தான். நோம் நகருக்கு முன்னால் விரியும் நார்டன் விரிகுடாவில் அதுவும் இல்லை. ஆழக்கடலில் காற்று மேல்நீரைத் தள்ளினால் அடிநீர் எதிர்த்திசையில் திரும்பிச் சமன் செய்துவிடும். ஆழமற்ற கடலில் அதற்கு இடமில்லை; தள்ளிய நீர் கரையில் குவிகிறது. தென்மேற்குக் காற்று ஒரு நாள் முழுக்க வீசினால் நார்டன் விரிகுடா, ஒரு பக்கம் சாய்த்த தாம்பாளம்போல் ஆகிவிடும்.

வடகரையில் கணக்கு வேறு. பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் காற்று தள்ளும் நீர் காற்றின் வலப்புறம் விலகும். அதனால் வடக்குப் பார்த்த பியூஃபோர்ட் கரையில், கரையோடு இணையாக வீசும் மேற்குக் காற்றே நீரைக் கரையேற்றும்; கிழக்குக் காற்று வீசினால் கடல் உள்வாங்கும்.

கழிமுகத்தில் ஏறும் நீருக்குத் தடுப்பே இல்லை. யூக்கான், கஸ்கோக்விம் ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் அவ்வளவு தட்டை. 2005, 2011 ஆண்டுகளின் புயல்களில் கடல்நீர் 30 கிலோமீட்டர் வரை உள்ளே போனது. வெள்ளம் வடிந்தாலும் உப்பு வடிவதில்லை. நன்னீர்க் குளங்கள் உவர்க்கின்றன, புற்கள் கருகுகின்றன. இந்தப் புல்வெளி பல்லாயிரம் வாத்துகள் முட்டையிடும் இடம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கரையைக் காத்த பனி

இனுப்பியாட் மொழியில் 'கினு' என்றொரு சொல் உண்டு. இலையுதிர் காலத்தில் கடல் உறையத் தொடங்கும்போது கரையோரம் சேரும் கூழ்போன்ற பனியை அது குறிக்கும். அலை அதைத் தூக்கிக் கரையில் அறைய, அது அங்கேயே இறுகி ஒரு வரப்பாக எழும். அதற்கு வெளியே கரையோடு ஒட்டி உறையும் கடற்பனி. அதற்கும் அப்பால் மிதக்கும் பனித்திட்டுகள். நவம்பர்ப் புயல் எவ்வளவு வலிதாக இருந்தாலும், இந்த மூன்றையும் தாண்டி வருவதற்குள் அலையின் வேகம் அடங்கிவிடும். எந்தப் பொறியாளரும் கட்டாத மதில் அது. ஆண்டுதோறும் தானே எழுந்து வந்தது.

இன்று அது தாமதமாக எழுகிறது. முன்பு அக்டோபர், நவம்பரில் உறைந்த கடல், ஷிஷ்மரெஃப் போன்ற ஊர்களில் டிசம்பர் வரை திறந்தே கிடக்கும் ஆண்டுகள் உண்டு. ஆர்க்டிக் கடற்பனியின் செப்டம்பர் மாதப் பரப்பு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்து வருகிறது. 2012இல் அது 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. பனி விலகினால் காற்று தடையின்றி ஓடும் நீர்ப்பரப்பு நீள்கிறது. நீள நீள அலை உயர்கிறது. அதே 2012 செப்டம்பரில் பியூஃபோர்ட் கடலின் நடுவே 5 மீட்டர் உயர அலைகள் பதிவாயின. ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிக் கிடந்த கடலில் இது நடந்தது.

திறந்த கடல் கோடையில் கூடுதல் வெயிலை உள்வாங்குகிறது, இலையுதிர் காலத்தில் அந்த வெப்பத்தைக் காற்றுக்குத் திருப்பித் தருகிறது. அதனால் உறைதல் மேலும் தள்ளிப்போகிறது. உட்கியாக்விக்கில் 1979க்கும் 2012க்கும் இடையே அக்டோபர் மாதச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 7 பாகை செல்சியஸ் ஏறியது. இந்த ஏற்றம் எவ்வளவு திடீரென்று வந்தது என்பதற்கு ஒரு சான்று: 2017இல் அமெரிக்காவின் தட்பவெப்பத் தரவுகளைச் சரிபார்க்கும் கணினி நிரல், உட்கியாக்விக்கின் பதிவுகள் கருவிக் கோளாறாகவே இருக்க வேண்டும் என்று கருதி, ஓராண்டுக்கும் மேலான தரவைத் தானாகவே விலக்கி வைத்துவிட்டது. கருவியில் கோளாறு இல்லை.

புயல்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. அதற்காக ஆறுதல் கொள்ளவும் முடியாது. 1963 அக்டோபரில் உட்கியாக்விக்கை மூழ்கடித்த பெரும்புயல், பனி விளிம்பு வழக்கத்துக்கு மாறாக வெகு தொலைவில் இருந்ததால்தான் அவ்வளவு அழிவைச் செய்தது. அன்று விலக்காக இருந்த அந்தத் திறந்த கடல் இப்போது ஆண்டுதோறும் காணும் காட்சி.

உருகும் மண்

இக்கரையில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்ணைப் பனிதான் பசைபோல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. புயல் அலை கரையின் அடியைக் குடையும்போது, நீரின் வெப்பம் அந்தப் பசையை இளக்குகிறது. மேலே தொங்கும் மண் வீடளவு பாளங்களாகப் பிளந்து கடலில் சரிகிறது. பியூஃபோர்ட் கரையிலுள்ள ட்ரூ முனையில் 2007 முதல் 2016 வரை கரை ஆண்டுக்குச் சராசரியாக 17 மீட்டர் பின்வாங்கியது.

ஊர்களும் இடமாற்றமும்

ஷிஷ்மரெஃப் ஒரு மணல் தீவின் மேல் அமைந்த ஊர். 1997 அக்டோபர்ப் புயலில் அதன் வடகரை 9 மீட்டருக்கும் மேல் அரிக்கப்பட, 14 வீடுகளைப் பெயர்த்து நகர்த்த வேண்டியதாயிற்று. இடம்பெயர்வதென்று 2002இலும் 2016இலும் மக்கள் வாக்களித்தார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். கிவலினா மக்களும் 1992இலேயே அப்படி முடிவு செய்தவர்கள். புவி வெப்பமாதலுக்குக் காரணமென்று அவ்வூர் 2008இல் எக்ஸான்மொபில் உள்ளிட்ட எரிசக்தி நிறுவனங்கள்மீது தொடுத்த வழக்கு தள்ளுபடியானது. 2013இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்க மறுத்தது.

இவ்வூர்கள் ஏன் இவ்வளவு ஆபத்தான இடங்களில் இருக்கின்றன என்ற கேள்விக்கு விடை வரலாற்றில் இருக்கிறது. இம்மக்கள் முன்பு பருவத்துக்குப் பருவம் இடம் மாறி வாழ்ந்தவர்கள். கோடையில் மீன்பிடி முகாம், குளிர்காலத்தில் வேறு தங்குமிடம். இருபதாம் நூற்றாண்டில் அரசு பள்ளிக்கூடங்களை ஓரிடத்தில் கட்டிப் பிள்ளைகளை அங்கே சேர்க்கச் சொன்னதால் குடும்பங்கள் நிலைகொண்டன. கட்டுமானப் பொருளைப் படகில் கொண்டுபோய் இறக்க வசதியான இடமே பள்ளிக்கு ஏற்ற இடமாகப் பட்டது. தாங்களாகத் தேர்ந்தெடுக்காத இடத்துக்காக அம்மக்கள் இன்று விலை கொடுக்கிறார்கள்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2003இல் ஆராய்ந்த 213 பூர்வகுடி ஊர்களில் 184 வெள்ளத்துக்கோ அரிப்புக்கோ ஆளாகியிருந்தன. ஆனால் பேரிடர் உதவிச் சட்டம் ஓரிரவில் வரும் அழிவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆண்டுக்குச் சில மீட்டராகக் கரையும் நிலம் அதில் எளிதில் அடங்குவதில்லை. நியூடாக் என்னும் ஆற்றங்கரை ஊர் கேட்ட பேரிடர் அறிவிப்பு 2017இல் மறுக்கப்பட்டதற்கு இதுவே காரணம். இதைச் சட்டத்தின் குறையென்றே சொல்ல வேண்டும். அந்த ஊரார் கால் நூற்றாண்டு விடாமல் முயன்று, ஆற்றுக்கு அக்கரையில் உறுதியான மேட்டு நிலத்தில் மெர்டார்விக் என்னும் புதிய ஊரை எழுப்பினார்கள். 2019இல் முதல் குடும்பங்களும் 2024இல் கடைசிக் குடும்பங்களும் குடியேறின.

மெர்போக்கில் உயிரிழப்பு இல்லை. ஆனால் படகுகள், வலைகள், மீன் உலர்த்தும் பரண்கள், புகைபோடும் குடில்கள் போயின. மின்சாரம் நின்ற ஊர்களில், குளிர்காலம் முழுவதுக்கும் சேர்த்து வைத்த இறைச்சியும் மீனும் உறைபெட்டியிலேயே கெடும் நிலை வந்தது. அந்த ஆண்டுகளில் யூக்கான் ஆற்றில் சால்மன் வரத்தும் படுத்துவிட்டிருந்தது.

ஹாலோங் மெர்போக்கைவிடக் கொடியது. அதன் பாதை கடைசி நேரத்தில் கிழக்கே விலகி, 2025 அக்டோபர் 12ஆம் நாள் இருள் பிரியுமுன் கஸ்கோக்விம் கழிமுகத்தின் கிப்னக், க்விகிலிங்கக் ஊர்கள்மேல் கடலை ஏற்றியது. வீடுகள் ஆட்களோடு மிதந்து போயின. ஒருவர் இறந்தார், இருவரைக் காணவில்லை. 1,500க்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். ராணுவ விமானங்கள் நூற்றுக்கணக்கானோரை 800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆங்கரேஜ் நகருக்கு ஏற்றிச் சென்றன. அங்கே அவர்களின் பிள்ளைகளில் சிலர், யூப்பிக் மொழியில் பாடம் நடத்தும் வகுப்புகளில் சேர்ந்தார்கள்.