'கே ஸ்கி வீக்' என்றால் என்ன? ஆஸ்பென் பனிமலைக் கொண்டாட்டமும், உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கும்!

ஜனவரி மாதக் கடுங்குளிர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரில் இருக்கும் ஆஸ்பென் நகரம். வழக்கமாக தடித்த ஜாக்கெட், ஹெல்மெட், கண்ணாடி என ஒரே மாதிரி தோற்றத்தில் ஆட்கள் சறுக்கி இறங்கும் மலைச்சரிவில், அன்று மட்டும் விக், இறக்கை, பளபளக்கும் உடை என விதவிதமான வேஷங்களில் ஒரு கூட்டமே இறங்கி வருகிறது. அடிவாரத்தில் நிற்பவர்கள் கைதட்டி ஆரவாரம் செய்கிறார்கள்.

இது 'ஆஸ்பென் கே ஸ்கி வீக்' நிகழ்ச்சியில் எல்லோரும் காத்திருக்கும் நாள். தன்பாலின ஈர்ப்பாளர்களுக்காக 1977-ல் தொடங்கிய இந்த பனிச்சறுக்கு வாரம், இந்த வகையில் உலகின் பழமையான நிகழ்வாகச் சொல்லப்படுகிறது. பார்ப்பதற்கு ஜாலியான திருவிழா. ஆனால், இதை நடத்தும் ஊரின் ஒரு சின்ன சட்டம், மாநிலம் முழுக்க நடந்த வாக்கெடுப்பில் அடிபட்டு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் மீண்ட கதை இதற்குப் பின்னால் இருக்கிறது.

அந்த ஒரு வாரம் என்ன நடக்கும்?

பகலில் பனிச்சறுக்கு, மாலையில் விருந்து, இரவில் நடனம். இதுதான் அடிப்படை. ஆஸ்பெனைச் சுற்றி ஆஸ்பென் மவுண்டன், ஆஸ்பென் ஹைலேண்ட்ஸ், பட்டர்மில்க், ஸ்னோமாஸ் என நான்கு மலைகள் இருக்கின்றன. ஒரே டிக்கெட்டில் நான்கிலும் லிஃப்ட் ஏறலாம். நான்கில் மிகப் பெரியது ஸ்னோமாஸ். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு ஏற்றது பட்டர்மில்க்.

ஊரை ஒட்டியே நிற்கும் ஆஸ்பென் மவுண்டனில் தொடக்கநிலை சரிவே கிடையாது. அதன் உச்சி சுமார் 3,400 மீட்டர். நகரமே சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சமவெளியில் இருந்து வருபவர்களுக்கு முதல் ஓரிரு நாள் தலைவலி, மூச்சு வாங்குதல் எல்லாம் சகஜம்.

தனியாக வருபவர்களும் சேர்ந்து சறுக்குவதற்கு குழுக்கள் இருக்கும். நகைச்சுவை நிகழ்ச்சி, நீச்சல் குளப் பார்ட்டி ஆகியவையும் உண்டு. சறுக்கத் தெரியாமல், வேடிக்கை பார்க்க மட்டுமே வருபவர்களும் இருக்கிறார்கள்.

இதற்கென தனியாக ஒரு வாரம் எதற்கு?

பனிச்சறுக்கு, காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் விளையாட்டு இல்லை. மலைக்குப் போக வேண்டும், நாள் கணக்கில் தங்க வேண்டும், அறை எடுக்க வேண்டும். சிக்கல் அங்கேதான். 1970-களில் அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில், ஒரே அறை கேட்டு வரும் இரண்டு ஆண்களை விடுதிக்காரர் "ரூம் இல்லை" என்று திருப்பி அனுப்பினால், அதைத் தட்டிக் கேட்க சட்டமே கிடையாது. வேலையிலும் வாடகை வீட்டிலும் அதே கதைதான்.

அதனால் பல நகரங்களில் இருந்த தன்பாலின ஈர்ப்பாளர் பனிச்சறுக்கு குழுக்கள், ஒன்றாகச் சேர்ந்து ஒரே சமயத்தில் ஒரே ஊருக்குப் போகத் தொடங்கின. கூட்டமாகப் போனால் பயம் குறையும் இல்லையா? ஆஸ்பெனில் அப்படி நடந்த நண்பர்கள் சந்திப்புதான் ஆண்டுதோறும் வளர்ந்து இந்த விழாவாக மாறியது.

1977-ல் ஆஸ்பென் என்ன செய்தது?

அந்த ஆண்டு அமெரிக்காவில் காற்று எதிர்த்திசையில் வீசிக்கொண்டிருந்தது. ஃபுளோரிடாவின் டேட் கவுன்டியில், தன்பாலின ஈர்ப்பாளர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்த சட்டத்தை 1977 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பு மூலம் ரத்து செய்தார்கள். பாடகி அனிதா பிரையன்ட் முன்னின்று நடத்திய அந்தப் பிரசாரம் நாடு முழுக்கப் பேசப்பட்டது.

அதே ஆண்டில்தான் ஆஸ்பென் நகர மன்றம், பாலின ஈர்ப்பின் அடிப்படையில் யாரையும் பாகுபாடு செய்யக் கூடாது என்று உள்ளூர் சட்டம் கொண்டு வந்தது. பின்னர் போல்டர் 1987-லும், மாநிலத் தலைநகர் டென்வர் 1991-லும் இதே போன்ற சட்டங்களைக் கொண்டு வந்தன.

1992-ல் என்ன சிக்கல் வந்தது?

இந்தச் சட்டங்களை எதிர்த்தவர்கள் ஒவ்வொரு ஊராகப் போய்ப் போராடவில்லை. மாநில அரசியலமைப்பையே மாற்ற முடிவு செய்தார்கள். 'திருத்தம் 2' என்ற பெயரில் 1992 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 53 சதவீத வாக்குகளுடன் அது நிறைவேறியது.

திருத்தம் சொன்னது இதுதான்: தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கும் இருபாலின ஈர்ப்பாளர்களுக்கும் பாகுபாட்டில் இருந்து பாதுகாப்பு தரும் எந்தச் சட்டத்தையும் மாநில அரசோ, நகர மன்றமோ, பள்ளி நிர்வாகமோ இயற்றக் கூடாது. ஏற்கெனவே இருந்தால் அதுவும் செல்லாது. அதாவது, ஆஸ்பெனின் 15 வருட சட்டம் ஒரே வாக்கெடுப்பில் காலி.

இதில் கவனிக்க வேண்டியது, ஆஸ்பென், போல்டர், டென்வர் ஆகிய ஊர்களின் மக்கள் இந்தத் திருத்தத்துக்கு எதிராகத்தான் வாக்களித்திருந்தார்கள். ஆனால் மாநிலம் முழுக்க எண்ணியபோது அவர்கள் தோற்றுப் போனார்கள்.

புறக்கணிப்பு யாரைப் பாதித்தது?

"கொலராடோவுக்குப் போகாதீர்கள்" என்ற குரல் நாடு முழுக்க எழுந்தது. 'வெறுப்பு மாநிலம்' என்று பெயர் வைத்தார்கள். மாநாடுகள் ரத்தாயின. ஹாலிவுட் பிரபலங்கள் விடுமுறைக்கு வரும் ஊர் என்பதால் ஆஸ்பென் மீதும் பார்வை திரும்பியது.

ஆஸ்பெனுக்கு இது தர்மசங்கடம். சுற்றுலாதான் அந்த ஊரின் சோறு. திருத்தத்தை எதிர்த்து வாக்களித்த ஊருக்கே அதற்கான தண்டனையும் கிடைப்பது சரியா என்று ஒரு தரப்பு கேட்டது. பணம் நின்றால்தான் மாநிலம் யோசிக்கும் என்றது இன்னொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருந்ததால் அந்த விவாதம் எளிதில் முடியவில்லை.

வழக்கு எப்படி ஜெயித்தது?

ஆஸ்பென், போல்டர், டென்வர் ஆகிய மூன்று நகரங்களும், தனிநபர்கள் சிலரும் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். அந்தத் தனிநபர்களில் ஒருவர் டென்னிஸ் உலகம் நன்றாக அறிந்தவர். ஒன்பது முறை விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற மார்ட்டினா நவரத்திலோவா! அப்போது அவர் ஆஸ்பென்வாசி.

1993 ஜனவரியில் டென்வர் நீதிமன்றம் திருத்தத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதனால் அது கடைசி வரை நடைமுறைக்கே வரவில்லை. கொலராடோ உச்ச நீதிமன்றமும் திருத்தத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. மாநில அரசு மேல்முறையீடு செய்ய, 'ரோமர் எதிர் எவன்ஸ்' என்ற பெயரில் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் போனது. ரோமர் என்பது அன்றைய ஆளுநர் ராய் ரோமர். அவரே இந்தத் திருத்தத்தை எதிர்த்தவர். பதவியில் இருந்ததால் வழக்கு அவர் பெயரில் நடந்தது, அவ்வளவுதான்.

"யாருடைய உரிமையையும் பறிக்கவில்லை, சிறப்புச் சலுகை கேட்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம்" என்பது மாநில அரசின் வாதம். 1996 மே 20 அன்று, 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் இதை நிராகரித்தது.

நீதிபதி ஆண்டனி கென்னடி எழுதிய தீர்ப்பின் சாரம் இது. மற்ற எல்லோரும் பாதுகாப்பு வேண்டுமென்றால் தங்கள் ஊர் நகர மன்றத்திடம் போய்க் கேட்கலாம். இவர்கள் மட்டும் மாநில அரசியலமைப்பையே திருத்த வேண்டுமென்றால், அது சட்டத்தின் முன் சமம் என்பதற்கே எதிரானது. ஒரு பிரிவினர் மீதான வெறுப்பைத் தவிர இதற்கு வேறு காரணம் தெரியவில்லை என்றும் அவர் குறிப்பிட்டார். தங்கள் ஒழுக்க நெறிகளைக் காத்துக்கொள்ள பெரும்பான்மை மக்களுக்கு உரிமை உண்டு என்று நீதிபதி அன்டோனின் ஸ்கேலியா மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

மூன்று நகரங்களின் சட்டங்களையும் தீர்ப்பு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவற்றில் மூத்தது ஆஸ்பெனுடையது.

அதன் பிறகு என்ன மாறியது?

2003-ல் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய சட்டங்களை ரத்து செய்த தீர்ப்பையும், 2015-ல் நாடு முழுக்க தன்பாலினத் திருமணத்தை அங்கீகரித்த தீர்ப்பையும் எழுதியவர் அதே நீதிபதி கென்னடிதான். 2003 தீர்ப்பு, 1996 வழக்கை மேற்கோளும் காட்டியது.

கொலராடோவும் மாறியது. 2007, 2008 ஆண்டுகளில் வேலை, வீடு, விடுதி போன்ற இடங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்கள் மாநிலம் முழுமைக்கும் வந்தன. 2018-ல், தன்பாலின ஈர்ப்பாளர் என்பதை வெளிப்படையாகச் சொன்ன ஜாரெட் போலிஸை மக்கள் ஆளுநராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2024 நவம்பரில், தன்பாலினத் திருமணத்துக்கு எதிராக மாநில அரசியலமைப்பில் இருந்த வரியையும் வாக்கெடுப்பு மூலமே நீக்கினார்கள்.

விழாவில் வரும் பணம் எங்கே போகிறது?

விழாவை நடத்துவது 'ஆஸ்பென் அவுட்' என்ற லாப நோக்கற்ற அமைப்பு. வருமானம் எல்ஜிபிடிக்யூ இளைஞர்களுக்கான கல்வி உதவித்தொகைக்கும், அவர்களுக்காக வேலை செய்யும் அமைப்புகளுக்கான நிதியுதவிக்கும் போகிறது. ஆஸ்பென் அமெரிக்காவிலேயே செலவு அதிகமான மலை நகரங்களில் ஒன்று. வசதி இருப்பவர்களால்தான் அங்கே ஒரு வாரம் தங்க முடியும் என்ற விமர்சனம் நியாயமானதுதான். அந்தப் பணத்தில் ஒரு பங்கு, வசதி இல்லாதவர்களுக்குத் திரும்பிப் போகிறது என்பதும் உண்மை.

வேறு எங்கெல்லாம் நடக்கிறது?

கனடாவின் விஸ்லர், சுவிட்சர்லாந்தின் அரோசா என்று பல மலை நகரங்களில் இதே மாதிரி விழா நடக்கிறது. நியூசிலாந்தின் குயின்ஸ்டவுனில் நம் ஊர் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் பனிக்காலம் என்பதால், அங்கே விழாவும் அப்போதுதான்.

இன்னும் இப்படி ஒரு வாரம் தேவையா?

தன்பாலின ஈர்ப்பாளர் என்பதற்காக யாரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதே 2020-ல்தான். விடுதியில் அறை மறுப்பதைத் தெளிவாகத் தடுக்கும் தேசிய அளவிலான சட்டம் அங்கே இல்லை. மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் விதி மாறும். எனவே, "எங்களுக்கு ஒரே ரூம் போதும்" என்று இரண்டு பேர் தயக்கமின்றிச் சொல்ல முடியுமா என்பது, இன்றும் அவர்கள் எந்த ஊரில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்ததுதான். ஆஸ்பெனில் சொல்லலாம். 1977-ல் இருந்து!