‘இது எங்க லிமிட் இல்ல’னு போலீஸ் சொன்னால் என்ன செய்யலாம்?

ஓடும் ரயிலில் லேப்டாப் திருடுபோகிறது. இறங்கிய ஊரில் புகார் கொடுத்தால், ‘சம்பவம் நடந்த இடத்துக்குப் போங்க’ என்கிறார்கள். போகணுமா? வேண்டாம்.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். இதுதான் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்’. பிறகு அதை உரிய ஸ்டேஷனுக்கு மாற்றுவது போலீஸின் வேலை, உங்களுடையது அல்ல.

எல்லாப் புகாருக்கும் பொருந்துமா?
இல்லை. வாரன்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றங்களுக்கு மட்டும். 5,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் திருட்டு இதில் அடங்கும்.

ஆன்லைனில் கொடுக்கலாமா?
கொடுக்கலாம். ஆனால், 3 நாள்களுக்குள் கையெழுத்து போட வேண்டும்.

காசு கேட்பார்களா?
எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். கேட்டு வாங்குங்கள்.

பதிய மறுத்தால்?
புகாரை எழுதி எஸ்.பி-க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம்.

இன்னொன்று: தமிழ்நாட்டில் தரப்படும் சி.எஸ்.ஆர் என்பது புகாரைப் பெற்றதற்கான ரசீது மட்டுமே, அது எஃப்.ஐ.ஆர் ஆகாது. கையில் இருப்பது எது என்று பார்த்துவிட்டு ஸ்டேஷனை விட்டுக் கிளம்புங்கள்.